மழை நாளில் ஓர் அருங்காட்சியகம்

கல்லறைத் திருநாளை முன்னிட்டுச் சென்னையிலிருந்து பேரப் பிள்ளைகள் இருவரும் வந்திருந்தனர். பேத்தி எட்டாம் வகுப்பிலும், பேரன் ஐந்தாம் வகுப்பிலும் படிக்கின்றனர். கடலூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள எங்கள் சொந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று, முன்னோரின் கல்லறைகளைத் துடைத்து, மலர் சூட்டி, மெழுகுதிரி ஏற்றிச் செபித்தோம். எங்கள் குடும்பக் கல்லறைகளுக்கு அருகே எழுத்தெல்லாம் தேய்ந்துபோன பழைய கல்லறை ஒன்று இருந்தது. “இது யாருடையது தாத்தா?” என்று பேரன் கேட்டான். “தெரியவில்லையப்பா” என்றேன். எஞ்சியிருந்த மெழுகுதிரி ஒன்றை அங்கே ஏற்றி வைத்துவிட்டு வந்தான்.

மறுநாள் அவர்களைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துச் செல்வதாக வாக்களித்திருந்தேன். ஆனால் ஐப்பசி மழை நம்மைக் கேட்டுக்கொண்டு பெய்வதில்லை. இரவெல்லாம் பெய்த மழை காலையிலும் விட்டபாடில்லை. கடலூர்த் துறைமுகத்தில் முதலாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருப்பதாக வானொலி அறிவித்தது. தொலைவில், நடுக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உண்டாகியிருக்கிறது என்பதே அதன் பொருள். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும், 2011ஆம் ஆண்டின் தானே புயலையும் கண்ட ஊர் இது. இங்குள்ளவர்கள் கடல் எச்சரிக்கையை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

“அப்படியானால் இன்று முழுவதும் வீட்டிலேயேதானா?” என்று பேத்தி முகம் வாடினாள்.

“நம்மிடம் குடை இருக்கிறது. அருங்காட்சியகத்துக்குக் கூரை இருக்கிறது. புறப்படுங்கள்” என்றேன்.

“மழையில் நனைந்து பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் அவள் அம்மாவுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்” என்று என் மனைவி எச்சரித்தாள். எச்சரித்துவிட்டு, பையில் இரண்டு துண்டுகளையும் சுக்குக் காப்பியையும் எடுத்து வைத்தாள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து மஞ்சக்குப்பம் செல்லக் கெடிலம் ஆற்றைக் கடக்க வேண்டும். ஆட்டோ பாலத்தின்மீது சென்றபோது செந்நிற வெள்ளம் இரு கரையையும் தழுவிக் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆறு கடலோடு கலக்கும் பக்கத்திலேதான் ஒரு காலத்தில் புனித தாவீது கோட்டை இருந்தது. 1690ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கும்பினியார் அதை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தொலைவில் போய் விழுகிறதோ, அதுவரையுள்ள நிலமெல்லாம் வாங்கியவர்க்கு உரியது என்பது ஒப்பந்தம். நாற்புறமும் சுட்டார்கள். குண்டு எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப் பெயர் பெற்றன. 1758ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் அக்கோட்டையைப் பிடித்து இடித்தனர்.

“குண்டு உப்பலவாடி என்று பேருந்தில் எழுதியிருக்கிறதே, அதுவா?” என்று கேட்டாள் பேத்தி.

“அதுவேதான். கோட்டை போய்விட்டது. பீரங்கியும் போய்விட்டது. ஊரின் பெயரில் மட்டும் அந்தக் குண்டு இன்னும் இருக்கிறது” என்றேன்.

கடலூர் அரசு அருங்காட்சியகம் 1989ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அப்பொழுது கடலூர் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. 1993இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபின் கடலூர் மாவட்டத்தின் தலைநகராயிற்று. சென்னையில் 1851ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, இப்போது எழும்பூரில் உள்ள பெரிய அருங்காட்சியகத்தைக் கண்டவர்கள் இதைச் சிறியது என்பார்கள். ஆயினும் இதன் பெருமை அளவில் இல்லை. சென்னைக்குப் போகும் வசதியற்ற பிள்ளைகள் தங்கள் மண்ணின் பழமையைத் தங்கள் ஊரிலேயே காண வேண்டும் என்பதற்காகத்தான் மாவட்டந்தோறும் இத்தகைய காட்சிசாலைகள் அமைக்கப்பட்டன.

குடைகளை வாயிலில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே சென்றோம். அவ்வேளையில் வேறு பார்வையாளர் எவரும் இல்லை. வெளியே மழையின் ஓசை. உள்ளே எங்கள் காலடியின் ஓசை. மழையிலும் வெயிலிலும் நூற்றாண்டுக்கணக்கில் நின்று மூக்கும் விரலும் தேய்ந்த கற்சிலைகள் மங்கலான வெளிச்சத்தில் நின்றிருந்தன. பேத்தி ஒவ்வொரு சிலையின் முன்பும் நின்று அணிகலன்களையும் ஆடை மடிப்புகளையும் உற்றுப் பார்த்தாள். பேரனுடைய முறை வேறாக இருந்தது. அவன் பொருளைப் பார்ப்பதற்கு முன்பே அதன் அடியிலிருந்த குறிப்புச் சீட்டைப் படித்தான். பெயர், காலம், கிடைத்த ஊர் என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தான். தெரிந்த ஊர்ப் பெயர் வந்தால் மட்டுமே நிமிர்ந்து சிலையைப் பார்த்தான்.

“சீட்டைப் படிக்கவா வந்தாய்? சிலையைப் பாரேன்” என்று அக்காள் கடிந்துகொண்டாள்.

“சீட்டு இல்லாவிட்டால் இது எந்த ஊர்ச் சிலை என்று உனக்கு எப்படித் தெரியும்?” என்று அவன் திருப்பிக் கேட்டான்.

நாற்பது ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன் இத்தகைய வாய்ப்பை விடுவானா? இருவரையும் அருகிலிருந்த இருக்கையில் அமர்த்திக் காப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பேசத் தொடங்கினேன்.

கடலூருக்கு வடக்கே, புதுச்சேரியை அடுத்து, அரிக்கமேடு என்னும் இடம் உள்ளது. அங்கே 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்னும் ஆங்கில அறிஞர் அகழாய்வு நடத்தினார். நம் நாட்டு மண்கலங்களின் ஓடுகளோடு, இத்தாலி நாட்டில் செய்யப்பட்ட மெருகேறிய சிவப்பு மண்கல ஓடுகளும் ஒரே மண் அடுக்கில் கிடைத்தன. இத்தாலியக் கலங்கள் செய்யப்பட்ட காலம் அறிஞர்களுக்கு முன்பே தெரியும். அது கிறிஸ்து பிறந்ததை ஒட்டிய காலம். ஆகவே அவற்றோடு கிடந்த நம் மண்கலங்களின் காலமும் தெளிவாயிற்று. அதைக் கொண்டு தென்னாட்டின் வேறு பல பழைய ஊர்களின் காலமும் கணிக்கப்பட்டது. இத்தனையும் எதனால் முடிந்தது? எந்த ஓடு எந்த அடுக்கில், எதனோடு கிடந்தது என்று அப்போதைக்கப்போது எழுதி வைத்ததால் முடிந்தது. அதே ஓட்டை யாரோ ஒருவர் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால் அது வெறும் ஓடாகவே இருந்திருக்கும்.

“இவ்வளவு சிலைகளும் இங்கே எப்படி வந்தன? அரசாங்கம் விலைக்கு வாங்கியதா?” என்பது பேத்தியின் கேள்வி.

அதற்கும் ஒரு சட்டம் உண்டு. 1878ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதையல் சட்டத்தின்படி, மண்ணுக்குள் மறைந்து கிடந்த 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் அதை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். கிணறு வெட்டும்போதும், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும், வயலை உழும்போதும் வெளிப்பட்ட எத்தனையோ செப்புத் திருமேனிகளும் காசுகளும் இவ்வாறுதான் தமிழ்நாட்டு அருங்காட்சியகங்களுக்கு வந்து சேர்ந்தன. கண்டெடுத்த உழவர் வாய்மூடி ஓர் இரவில் அதை விற்றிருக்கலாம். அவர் நேர்மையாக வந்து சொன்னதால் நாம் இன்று காண்கிறோம்.

இதைச் சொல்லி முடித்தபோதுதான் பேரன் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

“தாத்தா, உங்கள் கல்யாணப் படத்தில் பின்னால் ஒரு பெரிய மரப் பீடமும், அதிலே ஒரு சூசையப்பரும் இருக்கிறாரே, அந்தச் சூசையப்பர் இப்போது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறார்?”

நான் உடனே பதில் சொல்லவில்லை. “மழை சற்று விட்டிருக்கிறது, வாருங்கள்” என்று எழுந்துவிட்டேன். ஆனால் வாசகர்களிடம் அதை மறைப்பது முறையன்று.

எங்கள் ஊரின் பழைய கோவில் சிறியது. நாட்டு ஓடு வேய்ந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அதை இடித்துவிட்டுப் புதிய கோவில் கட்டினோம். பங்குப் பேரவையில் அப்பொழுது நான் செயலாளன். பழைய பீடம் தேக்கு மரத்தாலானது. திராட்சைக் கொடியும் கோதுமைக் கதிரும் செதுக்கப்பட்டது. நடுவிலிருந்த சூசையப்பர் சுரூபமும் மரமே. அதன் காலடியைக் கரையான் சிறிது அரித்திருந்தது. முகம் நம் ஊர்த் தச்சர் ஒருவரின் முகம்போலவே இருக்கும். என் தந்தை நோயுற்றுக் கிடந்த நாற்பது நாளும் என் தாய் அச்சுரூபத்தின் முன்தான் திரி ஏற்றினார்கள். அதைச் செய்தவர் யார், எந்த ஆண்டில் வந்தது, எவர் கொடுத்தது என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. பெரியவர்களிடம் கேட்கவும் இல்லை.

புதிய கோவிலுக்குப் பளிங்குப் பீடமும், வண்ணம் தீட்டிய புதிய சுரூபங்களும் வாங்கினோம். பழையவை மழையில் நனைந்து மாட்டுக் கொட்டகையில் கிடந்தன. ஒருநாள் வண்டியோடு ஒருவர் வந்தார். பழைய மரம் வாங்குகிறவர் என்றார். பீடம், கதவுகள், சுரூபம் அனைத்துக்கும் சேர்த்து 350 ரூபாய் தந்தார். கட்டடச் செலவுக்குப் பணம் தேவைப்பட்ட நேரம். நானே எண்ணி வாங்கினேன். நானே கணக்கில் எழுதினேன். “பழைய மரச் சாமான் விற்றது, ரூ. 350.” அந்தச் சூசையப்பருக்கு நான் எழுதிய குறிப்புச் சீட்டு அதுதான். என் தாய் அப்பொழுது உயிரோடிருந்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் புதிய கோவிலில் அவர்கள் சூசையப்பர் பக்கம் திரி ஏற்றியதை நான் பார்த்ததில்லை.

பகலுணவுக்குப்பின் வானம் சற்று வெளுத்தது. சிதம்பரத்தில் வாழும் பழைய நண்பர் ஒருவர், என்னோடு பணியாற்றிய தமிழாசிரியர், பலமுறை அழைத்திருந்தார். அருங்காட்சியகத்தில் சிலைகளைப் பார்த்த பிள்ளைகள், சிலைகளும் ஓவியங்களும் தம் இடத்திலேயே இருப்பதையும் பார்க்கட்டும் என்று பேருந்து ஏறினோம். சுமார் 45 கிலோமீட்டர் வழி. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியெங்கும் வயல்கள் நீர் நிரம்பி வானத்தைக் காட்டின. வெள்ளாற்றைக் கடந்தபோது மீண்டும் தூறல் தொடங்கியது.

கீழ வீதியில் நண்பர் குடையோடு காத்திருந்தார். “வாருங்கள் சார், மழையைக் கூட்டிக்கொண்டே வந்துவிட்டீர்கள்” என்று கைகூப்பினார். பேத்தி என் காதருகே வந்து, “தாத்தா, நாம் உள்ளே போகலாமா?” என்று கேட்டாள்.

நல்ல கேள்விதான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பிற சமயங்களைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், அச்சமயங்களில் காணப்படும் உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று கூறியிருப்பதை நினைவூட்டினேன். “நாம் வழிபாட்டாளராக அல்ல, விருந்தினராகப் போகிறோம். விருந்தினர் செருப்பை வெளியே விட்டு, குரலைத் தாழ்த்தி, அடுத்தவர் செபத்துக்கு இடையூறு செய்யாமல் நடக்க வேண்டும். நம் கோவிலுக்கு வருகிறவர்களிடம் நாம் எதிர்பார்ப்பதும் அதுதானே?” என்றேன்.

கிழக்குக் கோபுர வாயிலிலேயே நண்பர் எங்களை நிறுத்திவிட்டார். நான்கு கோபுரங்களின் வாயிற்சுவர்களிலும் நாட்டியத்தின் 108 கரணங்கள் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் அசைவு. கையும் காலும் இடையும் இன்னவாறு அமைய வேண்டும் என்பதற்கான கற்பாடம். “இதைப் பார் தம்பி” என்று அவர் பேரனுக்குச் சிற்பங்களின் மேலிருந்த எழுத்துகளைக் காட்டினார். கிழக்கு, மேற்குக் கோபுரங்களில், கரணங்களோடு அவற்றுக்குரிய நாட்டிய சாத்திரச் சுலோகங்களையும் கிரந்த எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நூலில் சொல்லப்பட்ட கரணம் எது, சிற்பம் காட்டும் கரணம் எது என்று பிற்காலத்தார் ஒப்பிட்டு அறிய அந்த எழுத்துகளே துணை நின்றன.

பேரனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “பார்த்தாயா அக்கா, இங்கேயும் சீட்டு இருக்கிறது!” என்றான்.

சிவகங்கைக் குளத்தில் மழைத்துளிகள் விழுந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தன. குளத்தின் மேற்கே சிவகாமி அம்மன் கோவில். அதன் முன்மண்டபத்து விதானத்தை அண்ணாந்து பார்த்தோம். முதலில் மங்கலான கறையாகத் தெரிந்தது. கண் பழகப் பழக உருவங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின. 17ஆம் நூற்றாண்டில், நாயக்கர் காலத்தில் தீட்டப்பட்ட ஓவியங்கள் அவை. சிவபெருமான் பிச்சை ஏற்பவராக வந்த கதையும், அடியார் வரலாறுகளும் வரிசை வரிசையாகக் காட்டப்பட்டுள்ளன. எழுத்தறியாத மக்களும் தலையை உயர்த்திப் படிக்கும் நூல் அது. நம் பழைய கோவில்களின் சாளரக் கண்ணாடிகளிலும், சிலுவைப் பாதைப் படங்களிலும் நம் முன்னோர் படித்ததும் இவ்வகைப் படிப்பே.

சில இடங்களில் வண்ணம் உதிர்ந்திருந்தது. நீர்க்கசிவும் புகையும் சுண்ணாம்பு ஓவியங்களுக்குப் பெரும் பகை என்றார் நண்பர். நாயக்கர் கால ஓவியர்கள் பல இடங்களில் படத்தின் அடியிலேயே தமிழில் குறிப்பெழுதும் வழக்கமுடையவர்கள் என்றும், திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தில் தீட்டிய ஓவியர் ‘சிங்காதனம்’ என்று தம் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார் என்றும் கூறினார். அரசர்களின் பெயர் கல்லில் நிற்பது இயல்பு. ஒரு தூரிகைக்காரரின் பெயர் முந்நூறு ஆண்டுகள் கடந்து நிற்பதற்கு அந்த ஒரு சொல்லே காரணம்.

பிறகு அவர் சொன்ன செய்தி என்னை மிகவும் தைத்தது. தேவாரப் பாடல்கள் அடங்கிய ஏட்டுச் சுவடிகள் தில்லைக் கோவிலின் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன என்பது சைவ மரபு. இராசராச சோழன் நம்பியாண்டார் நம்பியோடு வந்து அறையைத் திறக்கச் செய்தபோது, சுவடிகளின்மேல் கரையான் புற்று மூடியிருந்தது. அரித்தவை போக எஞ்சியவற்றையே எடுத்துத் தொகுத்தார்கள். “அவற்றை வெளியார் எவரும் கொள்ளையிட்டுப் போகவில்லை சார். பத்திரமாகப் பூட்டித்தான் வைத்திருந்தார்கள். திறந்து பார்ப்பார் இல்லை, அவ்வளவே” என்றார் நண்பர். இதே சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக 1924 முதல் 1927 வரை இருந்த உ. வே. சாமிநாதையர், ஊர் ஊராக அலைந்து ஏடுகளைத் தேடிப் படியெடுத்து அச்சேற்றியிராவிட்டால் நம் சங்க இலக்கியங்களிலும் எத்தனை நமக்குக் கிடைத்திருக்குமோ!

கோவிலிலிருந்து வெளியே வந்து ஒரு சிற்றுண்டிக் கடையில் அமர்ந்தோம். சூடான காப்பியை ஆற்றிக்கொண்டே, என் மனத்தில் இருந்ததை நண்பரிடம் சொன்னேன். மரப் பீடத்தையும், 350 ரூபாயையும் சொன்னேன். பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைக் கடியவில்லை. நம் மாவட்டத்திலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார்.

விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோவிலில் சோழர் காலத்து அர்த்தநாரீசுவரர் கற்சிலை ஒன்று இருந்தது. ஆண்பாதி பெண்பாதியாக அமைந்த அவ்வரிய சிற்பம் களவுபோய்க் கடல் கடந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004ஆம் ஆண்டில் அதை ஒரு வணிகரிடமிருந்து விலைக்கு வாங்கியது. நேர்மையாக வந்த பொருள் என்று காட்டும் தாள்களும் அதனுடன் இருந்தன. பின்னர் அத்தாள்கள் பொய் என்று தெரிந்தது. தெரிவித்தவை எவை? அச்சிலை விருத்தாசலத்தில் தன் மாடத்தில் இருந்த காலத்திலேயே எடுக்கப்பட்ட பழைய புகைப்படங்கள். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் அதை இந்தியப் பிரதமரிடம் ஒப்படைத்தார். புதுச்சேரியில் 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னாட்டுக் கோவில்களில் எடுத்துச் சேர்த்த இலட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்கள், இவ்வாறு களவுபோன பல சிலைகள் எந்த ஊருக்குரியவை என்று மெய்ப்பிக்க உதவியிருக்கின்றன.

“உங்கள் சூசையப்பர் திருட்டுப் போகவில்லை, நீங்களே கொடுத்தீர்கள். அதைத் திருப்பிக் கேட்க வழியில்லை. ஆனால் உங்களிடம் ஒரு புகைப்படம் இருக்கிறதே சார்” என்றார் நண்பர்.

கடலூர் திரும்பும் பேருந்தில் பிள்ளைகள் இருவரும் என் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டனர். கண்ணாடிச் சாளரத்தில் மழைநீர் வழிந்துகொண்டிருந்தது. அன்றிரவு சில நூல்களை எடுத்துப் பார்த்தேன். நாங்கள் அறியாமையால் செய்த செயலைத் திருச்சபை முன்பே அறிந்து தடுத்திருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, கோவில்களின் தூய பொருள்களும் விலைமிக்க கலைப் படைப்புகளும் விற்கப்படாமலும் சிதறாமலும் ஆயர்கள் விழிப்போடு காக்க வேண்டும் என்கிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1283ஆம் சட்டத்தில், கோவில் சொத்துகளை நிர்வகிப்போர் கலை மதிப்புடைய பொருள்களுக்குத் துல்லியமான விவரப் பட்டியல் எழுத வேண்டும் என்றும், அதன் ஒரு படி நிர்வாகத்தின் ஆவணக் காப்பகத்திலும் மற்றொரு படி மறைமாவட்டத்திலும் இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. நாட்டுச் சட்டமும் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத பழமையுள்ள சிற்பமும் ஓவியமும், 75 ஆண்டுக்குக் குறையாத பழமையுள்ள மதிப்புமிக்க கையெழுத்துச் சுவடியும் தொல்பொருள்களே. அவற்றைத் தனியார் அயல்நாட்டுக்கு அனுப்புவது குற்றம்.

கோவாவில் 1994ஆம் ஆண்டில், கோவில்களிலும் இல்லங்களிலும் இருந்த பழைய சுரூபங்களையும் திருப்பொருள்களையும் திரட்டிக் கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தார்கள். இன்று அது பழைய கோவாவில் புனித மோனிக்கா மடத்தில் உள்ளது. எல்லாப் பங்கும் அருங்காட்சியகம் கட்ட முடியாது, கட்டவும் வேண்டுவதில்லை. ஆனால் குறிப்புச் சீட்டு எழுத எல்லாராலும் முடியும்.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் பங்கின் பழைய சாமான் அறையை ஒருமுறை திறந்து பாருங்கள். கால் உடைந்த சுரூபம், சப்பரத்தின் செதுக்கிய பலகை, கையால் எழுதிய பாட்டுப் புத்தகம், பழைய மணி, தேய்ந்த திருவிழாக் கொடி, எதுவாயினும் சரி. உங்கள் பங்குத் தந்தையின் ஒப்புதலோடு அவற்றைப் புகைப்படம் எடுங்கள். இது இன்னது, எதனால் ஆனது, எவர் கொடுத்தது, எந்த ஆண்டில் வந்தது என்று எழுதி வையுங்கள். ஊரில் எண்பது வயதைக் கடந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அவர்கள் போனபின் கேட்பதற்கு ஆள் இல்லை. பழைய சுரூபத்துக்குப் பளபளப்பான புதுச் சாயம் பூசிவிடாதீர்கள். அடியிலுள்ள பழைய வேலை அழிந்துவிடும். தெரிந்தவர்களிடம் காட்டிய பின்னரே கைவையுங்கள். பழைய மரம் வாங்குகிறவர் வண்டியோடு வந்தால், என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை பிள்ளைகள் ஊருக்குப் புறப்படுவதற்கு முன், என் மனைவி பெட்டியிலிருந்த திருமணப் படத்தை எடுத்து வந்தாள். கறுப்பு வெள்ளைப் படம். ஓரம் சற்று மஞ்சளித்திருந்தது. எங்கள் இருவருக்கும் பின்னால், கொடியும் கதிரும் செதுக்கிய பீடத்தில், கையில் லீலி மலர்க் கோலுடன் அவர் நின்றிருந்தார். அதை நகலெடுத்துப் பங்குத் தந்தையிடம் கொடுப்பது என்று முடிவு செய்தோம். நகலின் கீழே ஒட்டுவதற்குப் பேரனே தன் நோட்டுப் புத்தகத் தாளில் சீட்டு எழுதினான். நான் சொல்லச் சொல்ல எழுதினான்.

“புனித சூசையப்பர். மரச் சுரூபம். எங்கள் ஊர்ப் பழைய கோவில் பீடத்தில் இருந்தது. செய்தவர் பெயர் தெரியாது. காலடியில் கரையான் அரித்தது. எங்கள் பாட்டனாரின் தாயார் இதன்முன் திரி ஏற்றினார்.”

எழுதிவிட்டு நிமிர்ந்தான். “தாத்தா, இப்போது இருக்கும் இடம் என்று ஒரு வரி வேண்டுமே. அங்கே என்ன எழுதட்டும்?”

“அந்த வரியை வெறுமையாக விட்டு வை அப்பா” என்றேன். “என்றேனும் யாரேனும் எங்கேனும் பார்த்தால், எழுதுவதற்கு இடம் இருக்கட்டும்.”